தபோவில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தது

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கீ மடாலயத்தின் படத்தோடுதான் திரும்புவார்கள். குன்றின்மேல் அடுக்கடுக்காக நிற்கும் அழகு அப்படி. அதே பள்ளத்தாக்கில் இருக்கும் தபோ புத்த மடத்தில் வண்டியை விட்டு இறங்கினால் மண் சுவரும் தட்டைக் கூரையும்தான். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று மனைவி கேட்டே விட்டார்.

பழைய மண்டபத்துக்குள் போனதும் இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. விளக்கு கிடையாது, படம் எடுக்கவும் கூடாது. ஒரு வயதான லாமா டார்ச்சோடு முன்னால் நடந்தார். வெளிச்சம் பட்ட இடத்தில், தலைக்கு மேலே, சுவரை விட்டு வெளியே வந்து உட்கார்ந்தாற்போல ஒரு களிமண் தெய்வம். டார்ச் நகர நகர இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. சுற்றிலும் 30-க்கும் மேல். ஒன்றின் கையில் மண் உதிர்ந்து, உள்ளே வைத்த குச்சி தெரிந்தது.

996-இல், மேற்குத் திபெத்தின் குகே நாட்டு அரசர் யேஷே ஓ காலத்தில் எழுந்த மடம் இது. தஞ்சையில் ராஜராஜன் ஆண்டுகொண்டிருந்த அதே காலம். 46 ஆண்டு கழித்துப் புதுப்பித்த செய்தியை உள்ளே சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1975 ஜனவரியில் வந்த கின்னௌர் நிலநடுக்கம் இதையும் உலுக்கியது. பழையதை இடித்துவிட்டுக் கட்டாமல், பக்கத்தில் புது மண்டபம் எழுப்பினார்கள். 1983-இல் தலாய் லாமா வந்து காலச்சக்கரம் என்ற திபெத்திய பௌத்த தீட்சை கொடுத்தார். ஆயிரமாவது ஆண்டான 1996-இல் மறுபடியும் வந்தார்.

அந்தப் புது மண்டபத்தில் மறுநாள் விடிகாலைப் பூஜைக்குப் போய் உட்கார்ந்தோம். எட்டு வயது இருக்கும், ஒரு சின்னத் துறவி ஓதிக்கொண்டே தூங்கி விழுந்தான். பக்கத்தில் இருந்தவர் அதட்டவில்லை. அவன் முதுகில் கையை வைத்தபடி தன் வரியைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் பையன் குரலும் சேர்ந்துகொண்டது. மடம் உயிரோடு இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது அங்கேதான்.

வெளியே வந்தபோது டார்ச் லாமாவைப் பார்த்தோம். எங்கள் டிரைவர்தான் மொழிபெயர்த்தார். "பனியை இந்தக் கூரை தாங்கும். மழைதான் பயம். முன்பெல்லாம் இங்கே இவ்வளவு பெய்யாது" என்றார். சுவர் ஓவியங்களில் சேற்று நீர் வழிந்த தடத்தை முந்தின நாள் நானே பார்த்திருந்தேன். அவர் பேசும்போதே மேலே கூரையில் இரண்டு பேர் மண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார்கள்.