தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நேரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எங்கள் பெண்கள் குழுவிலிருந்து வியாசர்பாடி பக்கம் ஒரு தெருவுக்குப் போயிருந்தோம். முந்தின நாள் காலை 4 மணியிலிருந்து அன்று காலை 4 மணி வரை அங்குள்ள பெண்கள் என்னென்ன செய்தார்கள் என்று அரை மணி அரை மணியாக எழுத வேண்டும், மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் கேட்கிற மாதிரியே. சமையல், துணி, பிள்ளையைப் பள்ளியில் விடுவது எல்லாம் மளமளவென்று வந்தது. ஒரு அக்கா மட்டும் 10 முதல் 12 வரை காலியாக விட்டிருந்தார். கேட்டால், "அப்போ வேலை ஒண்ணும் இல்லம்மா, லாரி வரும்னு குடத்தை வரிசையில வச்சிட்டு உட்கார்ந்திருந்தேன்" என்கிறார். எழுந்து கடைக்குப் போய்விட முடியுமா? அதற்குள் லாரி வந்தால் குடம் கடைசிக்குப் போய்விடும், அப்புறம் அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

2019 கணக்கெடுப்பில் சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையைச் செய்தவர்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. ஆண்களில் அப்படிச் செய்தவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். எனக்கு எரிச்சல் வந்த இடம் வேறு. வீட்டுக்குத் தண்ணீர் பிடித்து வருவது இந்த 299-க்குள் வராது, சொந்த உபயோகத்துக்குப் பொருள் உற்பத்தி என்று அதற்குத் தனி வகை. குடம் தூக்குகிற இடுப்புக்கு இந்த வகைபிரிப்பு எங்கே தெரியும்!

*

எனக்குக் காத்திருப்பு பஸ் ஸ்டாப்பில். 2021-இல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்று ஆனதிலிருந்து என்னுடன் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் டீலக்ஸ், ஏசி எல்லாவற்றையும் விட்டுவிட்டு நிற்பார்கள். காசு மிச்சம்தான், நல்ல திட்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போனால் வீட்டில் முதல் கேள்வி, "இவ்வளவு நேரம் எங்க சுத்திட்டு வர்ற?"

*

எங்கள் வீட்டுக்காரர், அரசின் மகளிர் உரிமைத் தொகை எனக்கு வந்த நாளிலிருந்து "உனக்குத்தான் மாசம் ஆயிரம் சம்பளம் வருதே" என்று கிண்டல். சரி, சம்பளம் என்றே வைப்போம் என்று மேலே சொன்ன 299 நிமிடத்தை வைத்து வகுத்துக் காட்டினேன். மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறவில்லை. மனிதர் கால்குலேட்டரை வாங்கி இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். அப்புறம் டீ கேட்டார்.