உதவி: 1 மெகாஹெர்ட்ஸில் சைன் அலை முக்கோணமா மாறுது, நிதி திரட்டல் தொடங்க 12 நாள்தான் இருக்கு

செவ்வலை
வணக்கம். பொழுதுபோக்கா எலக்ட்ரானிக்ஸ் செய்றவங்களுக்காகத் திறந்த வன்பொருளா ஒரு சிக்னல் ஜெனரேட்டர் (சோதனைக்கு வேணும்கிற அலையைக் கொடுக்குற கருவி), கூடவே அளவீட்டுக் கருவி செய்றேன். கூட்டுநிதிப் பக்கம் 12 நாளில் திறக்கணும். கையால சால்டர் பண்ண முதல் போர்டு 1 மெகாஹெர்ட்ஸில் 10 வோல்ட் சுத்தமா கொடுத்துச்சு. அசெம்பிளிக்குக் கொடுத்து வாங்கின 10 போர்டும் 100 கிலோஹெர்ட்ஸ் வரை சரி. 1 மெகாஹெர்ட்ஸில் சைன் முக்கோணம் மாதிரி ஆகி உயரமும் குறைஞ்சிடுது. டிடிஎஸ் சிப் (அலையை டிஜிட்டலா உருவாக்குறது) போலியா? புதுசா ஆர்டர் போடவா? அவசரம்.

ஓம்_விதி
எந்த டிடிஎஸ்? கிளாக் எவ்வளவு? கடைசி ஸ்டேஜில் என்ன ஆப்-ஆம்ப் (பெருக்கி சிப்), கெயின் (எத்தனை மடங்கு பெருக்குது) எவ்வளவு, சப்ளை என்ன? 10 வோல்ட்னா பீக்-டு-பீக்கா (அடியிலிருந்து உச்சி வரை)? லோடு (அவுட்புட்டில் மாட்டுற சுமை) இல்லாமலா, 50 ஓம் போட்டா? இது ஒண்ணும் சொல்லாம சிப் ஆர்டர் போடாதீங்க.

கம்பிவால்
ஆசிலோஸ்கோப் புரோப் ×1-ல இருக்கா பாருங்க. ×1-ல பேண்ட்விட்த் சில மெகாஹெர்ட்ஸ்தான், கேபிளோட சேர்த்து 100 பிகோஃபாரட் அளவுக்கு சர்க்யூட் மேல உட்காரும். முதல் போர்டை ×10-லயும் இதை ×1-லயும் பார்த்திருப்பீங்க.

நுண்சில்லு
போலி ஏடி9833 டிடிஎஸ் சிப்பாதான் இருக்கும். மேல் எழுத்தைச் சுரண்டி மறுபடி அச்சடிச்சு விக்கிறாங்க.

பச்சைப்பலகை
எனக்கு ஃபில்டர் கண்டென்சர் மேலதான் சந்தேகம். மதிப்பு மாறாத சி0ஜி வகை கேட்ட இடத்தில் ஒய்5வி வகையைப் போட்டிருப்பாங்க. அதோட மதிப்பு வோல்டேஜுக்கும் வெப்பத்துக்கும் ஆடும்.

முதுநிலை_அலை
இது முதல் செமஸ்டர் பாடம். லோ-பாஸ் ஃபில்டர் சைனைச் சின்னதாக்கும், ஒருநாளும் முக்கோணமாக்காது. சைனோட சரிவு ஒரே வேகத்தில் நேர்கோடா ஆகுதுன்னா ஸ்லூ ரேட்தான் (ஆப்-ஆம்ப் அவுட்புட் ஏறி இறங்கக்கூடிய அதிகபட்ச வேகம்). இதுகூடத் தெரியாம அடுத்தவங்க பணத்தைக் கேட்டுப் பக்கம் திறக்கப் போறீங்களா? முதல்ல ஒரு ஆப்-ஆம்ப் டேட்டாஷீட்டை முழுசா படிச்சுட்டு வாங்க.

செவ்வலை
மன்னிக்கணும், அவசரத்தில் விட்டுட்டேன். ஏடி9833, 25 மெகாஹெர்ட்ஸ் கிளாக். ரெண்டு ஸ்டேஜ். முதல் ஸ்டேஜ் அவுட்புட்டில் 1 மெகாஹெர்ட்ஸில் 5 வோல்ட் பீக்-டு-பீக் சுத்தமா இருக்கு. அடுத்தது எல்எம்7171, கெயின் +2, ஃபீட்பேக் 1 கிலோ ஓம் ரெண்டு, சப்ளை ±12. லோடு இல்லை. புரோப் ×10. 1 மெகாஹெர்ட்ஸில் 6.4 வோல்ட், 2 மெகாஹெர்ட்ஸில் 3.2 வோல்ட் பீக்-டு-பீக்.
டிசைன் கோப்புகளைப் பணம் வந்த பிறகுதான் வெளியிடப் போறேன், 'வணிகப் பயன்பாடு கூடாது' உரிமத்தில். அதனால இப்போ படம் போட முடியல.

ஓம்_விதி
இது போதும், டிடிஎஸ் மேல குற்றம் இல்லை. முதல் ஸ்டேஜ் வரைக்கும் சைன் சுத்தமா வருதுன்னா அதுக்கு முன்னாடி இருக்கிற சிப்பும் ஃபில்டரும் சரி.
கணக்கு பாருங்க. 1 மெகாஹெர்ட்ஸில் பாதிச் சுற்று 0.5 மைக்ரோ செகண்ட். அதுக்குள்ள 6.4 வோல்ட் ஏறுதுன்னா மைக்ரோ செகண்டுக்கு 12.8 வோல்ட். 2 மெகாஹெர்ட்ஸில் 0.25 மைக்ரோ செகண்டில் 3.2, அதே 12.8. அதிர்வெண்ணை மாத்தினாலும் சரிவு மாறல. 10 வோல்ட் பீக்-டு-பீக் சைனுக்கு 1 மெகாஹெர்ட்ஸில் 31.4 வேணும். எல்எம்7171-க்கு டேட்டாஷீட்டில் 4100. உங்க போர்டில் இருக்கிறது எல்எம்7171 இல்லை.
ஒரு சோதனை: அவுட்புட் 1 வோல்ட் வர்ற மாதிரி இன்புட்டைக் குறைச்சு 1 மெகாஹெர்ட்ஸில் பாருங்க. ஸ்லூ மட்டும்தான் காரணம்னா சைன் முழுசா 1 வோல்ட் வரும்.

பச்சைப்பலகை
கண்டென்சர் கருத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா 'வணிகப் பயன்பாடு கூடாது'ன்னு போட்டுட்டு 'திறந்த வன்பொருள்'னு பக்கத்தில் எழுதக் கூடாது. திறந்த வன்பொருள் வரையறையே யாரும் செய்யலாம், விற்கலாம்னு சொல்லுது. அந்தச் சொல்லை நம்பிப் பணம் போடுறவங்களுக்கு நீங்க கொடுக்கிற வாக்கு அது.

நுண்சில்லு
அப்படித் திறந்து வெச்சா அடுத்த மாசமே நகல் வரும். முதல் ஆயிரம் போர்டுக்குப் பாகம் வாங்கப் பணம் போட்டவர் தலையில் துண்டு.

பச்சைப்பலகை
நகல் எடுக்கிறவனுக்கு உங்க கோப்பு தேவையே இல்லை. ரெண்டு லேயர் போர்டைப் பார்த்தே வரைஞ்சிடுவான். கோப்பு வேணும்னு தவிக்கிறது பழுது பார்க்கிறவரும் மாத்திச் செய்றவரும்தான். நகலுக்குப் பயமா இருந்தா செர்ன் ஓஎச்எல் (செர்ன் ஆய்வகத்தோட திறந்த வன்பொருள் உரிமம்) இரண்டாம் பதிப்பு, 2020-ல வந்தது, அதில் 'எஸ்' வகையைப் போடுங்க. மாத்திச் செஞ்சு விற்கிறவரும் தன் மாற்றங்களை அதே உரிமத்தில் திறக்கணும். பெயருக்கும் சின்னத்துக்கும் தனியா டிரேட்மார்க். இன்னொண்ணு, கெர்பர் (போர்டு தயாரிக்க ஆலைக்குக் கொடுக்குற கோப்பு) மட்டும் கொடுத்தா அது திறந்த கோப்பு ஆகாது. கிகேட் மென்பொருள்ல வரைஞ்சிருந்தா கிகேட் கோப்பையே கொடுக்கணும், மாத்த முடியணுமே.

முதுநிலை_அலை
உரிமம் எல்லாம் அப்புறம். ஓடாத போர்டுக்கு எந்த உரிமம் போட்டு என்ன?

கம்பிவால்
சார், கேள்வி கேட்டவர் தப்பைத் தேடித்தான் வந்திருக்கார். வழி சொல்லுங்க, பாடம் வேண்டாம்.

செவ்வலை
1 வோல்ட் சோதனை: 100 கிலோஹெர்ட்ஸில் 1.00. 1 மெகாஹெர்ட்ஸில் நல்ல சைன், ஆனா 0.84.

ஓம்_விதி
அந்த 0.84 ஆளையே காட்டிக் கொடுத்துடுச்சு. கெயின்-பேண்ட்விட்த் (கெயினையும் பேண்ட்விட்த்தையும் பெருக்கினா வர்ற எண்) 3 மெகாஹெர்ட்ஸ் உள்ள ஆப்-ஆம்பில் கெயின் 2 வெச்சா பேண்ட்விட்த் 1.5 மெகாஹெர்ட்ஸ். 1 மெகாஹெர்ட்ஸில் 0.83 வரணும். ஸ்லூ 13, கெயின்-பேண்ட்விட்த் 3, எட்டுக் கால், ஒத்தை ஆப்-ஆம்ப், எல்எம்7171 இடத்தில் அப்படியே உட்காரும்: டிஎல்071. லென்ஸ் வெச்சு மேல எழுதியிருக்கிறதைப் படிங்க. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்ச்சுக் காட்டினா லேசர் எழுத்து தெரியும். எழுத்து அழிஞ்சிருந்தா சப்ளை கரண்ட்டைப் பாருங்க. எல்எம்7171 சும்மா இருக்கும்போதே 6.5 மில்லிஆம்ப் இழுக்கும், டிஎல்071 1.4 தான். நல்ல போர்டை விட 5 மில்லிஆம்ப் குறைவா இருக்கும்.

கம்பிவால்
அசெம்பிளிக்குக் கொடுத்த பிஓஎம்-ல (பாகப் பட்டியல்) மாற்றுப் பாகம் என்ற கட்டத்தில் என்ன எழுதினீங்க? 'அதே பின்-அவுட் உள்ள எதுவும்'னு இருந்தா அவங்க செஞ்சது உங்க எழுத்துப்படிதான். உற்பத்தியாளர் பாக எண்ணை முழுசா எழுதி, பக்கத்தில் 'மாற்றக் கூடாது'ன்னு போடுங்க. அதைவிட முக்கியம், அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு போர்டிலும் 1 மெகாஹெர்ட்ஸ் முழு உயரத்தில் ஒரு அளவு. 1 கிலோஹெர்ட்ஸில் மட்டும் சோதிச்சா இந்தப் பத்தும் பாஸ் ஆகிப் போயிருக்கும்.

செவ்வலை
டிஎல்071 தான். பத்திலும். பிஓஎம்-ல 'எஸ்ஓ-8 ஒத்தை ஆப்-ஆம்ப், சமமானது சரி'ன்னு நான்தான் எழுதியிருக்கேன்.

ஓம்_விதி
மாத்தும்போது ரெண்டு விஷயம். எல்எம்7171 கெயின் +2-க்குக் கீழ நிலையா நிக்காது, உங்களுக்கு சரியா விளிம்பில் இருக்கு. ஃபீட்பேக் 1 கிலோ ஓமை 510 ஓமாக்குங்க. ரெசிஸ்டர் பெருசா இருந்தா இன்புட் கெபாசிடன்ஸோட சேர்ந்து ஃபேஸைத் தின்னும், சதுர அலை விளிம்பில் ரிங்கிங் (சின்னச் சின்ன அதிர்வு) வரும். சப்ளை பின்கள் பக்கத்திலேயே 10 நானோஃபாரட் செராமிக், அதோட 2.2 மைக்ரோஃபாரட் டான்டலம். தள்ளிப் போட்டா பலன் குறையும்.
அவுட்புட்டில் 50 ஓம் தொடர் ரெசிஸ்டர் என்ன அளவு? ±5 வோல்ட் சதுர அலையில் யாராவது அவுட்புட்டை ஷார்ட் பண்ணா அதில் 0.5 வாட் விழும். 0805-ங்கிற சின்ன அளவுன்னா கருகும்.

செவ்வலை
ஒரு போர்டில் மாத்தினேன். 1 மெகாஹெர்ட்ஸில் 10.0, 2-ல 9.9. 510 ஓம் போட்டதும் சதுர அலையில் ஓவர்ஷூட் (உயரத்தைத் தாண்டிப் போறது) அடங்கிடுச்சு. நிதிப் பக்கம் ஒரு மாசம் தள்ளி வெச்சிருக்கேன். உரிமம் செர்ன் 'எஸ்' தான், கோப்புகளும் முதல் நாளே. எல்லாருக்கும் நன்றி.

முதுநிலை_அலை
தள்ளி வெச்சது நல்ல முடிவு. பக்கத்தில் 10 வோல்ட்னு மட்டும் எழுதாதீங்க. லோடு இல்லாம 10, 50 ஓமில் 5, ரெண்டையும் எழுதுங்க. வாங்கினவர் 50 ஓம் போட்டுப் பாதிதான் வருதுன்னு திட்டுவார்.

ஓம்_விதி
50 ஓம் லோடு போட்டு அளந்தீங்களா? உச்சியில் 50 மில்லிஆம்ப் கொடுக்கணும். ±12 சப்ளை யுஎஸ்பியில இருந்து வர்றதா இருந்தா அந்தக் கன்வெர்ட்டர் தாங்குதா, அதோட ஸ்விட்சிங் இரைச்சல் அவுட்புட்டில் ஏறுதான்னும் பார்த்துச் சொல்லுங்க.

கம்பிவால்
@செவ்வலை, தொடர் ரெசிஸ்டர் அளவையும் நீங்க இன்னும் சொல்லல.