மலைப் பிள்ளையைக் கீழ்நாட்டுப் பள்ளியில் சேர்த்தவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

சித்தேரிக்காரி:
கணவரின் வேலைக்காகச் சித்தேரி மலையிலிருந்து அரூருக்கு இறங்கிய நாங்கள், எட்டு வயது மகளை மலையிலுள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் விடாமல், கல்வி உரிமைச் சட்டத்தில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கிய 25 விழுக்காட்டு இடத்தில் இங்குள்ள ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தோம். வகுப்பில் மலைப் பிள்ளை அவள் ஒருத்திதான். உதவித்தொகைக்காகப் பெயர்களைக் குறித்த நாளில் ஆசிரியை, "எஸ்.டி. யாரு, எழுந்து நில்லு" என்று கேட்க, இவள் எழுந்து நின்றிருக்கிறாள். பின்னாலிருந்து ஒரு பையன், "காட்டுல தேன் எடுக்கிறவளா நீ?" என்றதும் வகுப்பே சிரித்திருக்கிறது, ஆசிரியையும் அதட்டவில்லை. வீட்டுக்கு வந்தவள் சீருடையைக்கூடக் கழற்றாமல், "அம்மா, நாம எஸ்.டி.னு எழுதிக் குடுக்காம இருக்க முடியாதா?" என்று கேட்டாள். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

ஓசூர் ஆசிரியர்:
நான் பணியாற்றும் பள்ளி சிப்காட் தொழிற்பேட்டைக்கு அருகில் இருப்பதால், ஒடிசா, பீகார், அசாம், நேபாளக் குடும்பங்களின் பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள். சத்துணவு வரிசையில் முட்டைக்காக நின்ற ஒரு நேபாளச் சிறுவனைப் பார்த்து, முன்னால் நின்றவன் தன் கண்களை இரு விரல்களால் பக்கவாட்டில் இழுத்து, "சீனாக்காரா" என்றான். அவன் அழுவான் என்று நினைத்து நான் ஓடினேன். ஆனால் அவனோ, தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தானும் கண்களை அதேபோல் இழுத்துக் காட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்றும் என்னை உறுத்துகிறது. ஆனாலும் சகோதரி, பிள்ளைகள் நாளடைவில் பழகிக்கொள்வார்கள். பள்ளியை மாற்ற வேண்டாம்.

வத்தல்மலை:
ஆசிரியர் ஐயா, பழகிக்கொள்வார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. நீங்கள் கண்ட அந்தச் சிரிப்பே பழகிப்போனதன் அடையாளம்தானே? நான் பன்னிரண்டாம் வகுப்புவரை உறைவிடப் பள்ளியில் எங்கள் பிள்ளைகளோடு படித்தவன். தருமபுரியில் கல்லூரி விடுதியில் சேர்ந்த அன்று, என் ஊரைக் கேட்டறிந்த அறைத்தோழர், நான் குளித்துவிட்டு வருவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்; கட்டிலில் அவர் விரித்திருந்த செய்தித்தாள் மட்டும் கிடந்தது. வலித்தது, ஆனால் அந்த வயதில் அது அவருடைய குறை என்று எனக்குத் தெரிந்திருந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

கெலமங்கலம் தந்தை:
தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நடுவே என் மகன் சில காலம் தனித்து உட்கார்ந்திருந்தான். மொழி வந்ததும் அது தீர்ந்தது. உங்களுடையது அப்படித் தீர்வதன்று. முதலில், கோட்டாட்சியர் வழங்கும் பழங்குடியினர் சான்றிதழை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். மேற்படிப்புக்கும் வேலைக்கும் அதுவே ஆதாரம். அடுத்து, தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மாணவரைச் சாதியைச் சுட்டி வகுப்பில் அழைக்கக் கூடாது என்று கல்வி நிலையங்களில் சாதி வேறுபாட்டைக் களைய வழி கூற அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அரசுக்குப் பரிந்துரைத்திருப்பதையும் குறிப்பிடுங்கள். உதவித்தொகைப் படிவத்தைப் பெற்றோரை அழைத்து அலுவலக அறையிலேயே வாங்கிக்கொள்ளுமாறு கேளுங்கள்; அதற்கு ஒரு பைசா செலவில்லை. வேறு பள்ளி பார்ப்பதானால், சேர்க்கைக்கு முன் இடைவேளை நேரத்தில் போய், தனித்து நிற்கும் பிள்ளையிடம் ஆசிரியர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். கட்டடத்தையும் தேர்ச்சி விழுக்காட்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சித்தேரிக்காரி:
புகாரை எழுதிவிட்டேன், திங்களன்று கணவரும் வருகிறார். வத்தல்மலை அண்ணா, ஆறாம் வகுப்புக்கு அவளை உறைவிடப் பள்ளிக்கே அனுப்பலாமா என்றும் யோசிக்கிறோம். இரவில் நான் பக்கத்தில் இல்லாமல் அவள் தூங்கியதே இல்லை. உங்கள் பள்ளியில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்களா?