ஒத்தக்கடை மனை: வாடகையா, வெறும் அனுமதியா?

செடிக்கடை:
வணக்கம் அண்ணன்மாரே. ஒத்தக்கடையில் ரோட்டோரம் மூன்று சென்ட் காலி மனையில் எட்டு வருஷமாகச் செடி விற்கிறேன். கம்பி வேலியும் தகர கேட்டும் நான் போட்டவை, பூட்டுச் சாவி என்னிடம்தான். மாதம் 4,000 ரூபாய். முதலில் பதினொரு மாதத்துக்குப் பத்திரம் எழுதினோம். அப்புறம் புதுப்பிக்கவில்லை, மனைக்காரப் பெரியவர் பணம் மட்டும் வாங்கிவந்தார். போன தையில் அவர் காலமாகிவிட்டார். மனையை விற்கப்போகும் மகன், "பத்திரத்துல அனுமதின்னுதான் இருக்கு, நீங்க வாடகைக்காரரே இல்ல, ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்துருங்க" என்கிறார். அறுநூறு மல்லிகைப் பதியனை எங்கே கொண்டுபோவேன்?

மேலூர்க்காரன்:
கையெழுத்துப் போட்டாச்சுல்ல? அனுமதின்னா அனுமதிதான்.

குமாஸ்தா:
அப்படி இல்லை தம்பி. முப்பது வருஷம் வக்கீல் ஆபீஸில் கேஸ் கட்டு தூக்கியவன் சொல்கிறேன், பத்திரத்தின் தலைப்பு மட்டும் முடிவு செய்யாது. இடம் யார் சுவாதீனத்தில், அதாவது யார் கைவசத்தில், இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி.

என் பெரியப்பா மகன் கல்யாண மண்டப வாசலில் சாயங்காலம் பணியாரக் கடை போட்டான். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தால்தான் அடுப்பு மூட்ட முடியும். விசேஷ நாளில் 'தள்ளிக்கோ' என்றால் தள்ள வேண்டும். மாசாமாசம் பணம் கொடுத்தும் அது அனுமதிதான். உங்கள் கதை வேறு, உங்கள் கேட்டுக்குள் உங்களைக் கேட்காமல் யாரும் வர முடியாது.

டெல்லியில் ஒரு பெரிய ஹோட்டலில் முடிதிருத்தகம் நடத்தியவரின் வழக்கில், 'லைசென்ஸ்', அதாவது அனுமதி, என்றே எழுதிய பத்திரத்தை 1959இல் உச்ச நீதிமன்றம் குத்தகை, அதாவது வாடகை, என்றது. அதற்காகச் சுவாதீனம் ஒன்றே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இருவரும் என்ன நினைத்து ஒப்பந்தம் போட்டார்கள் என்பதையும் கோர்ட் பார்க்கும்.

வாடகை என்று நிலைத்தால், கெடு முடிந்தும் பெரியவர் பணம் வாங்கியதால் சொத்து மாற்றுச் சட்டம் 116ஆம் பிரிவின்படி அது மாத வாடகையாகத் தொடரும். 106ஆம் பிரிவின்படி 15 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மனையை வாங்குபவரையும் அந்த வாடகை கட்டுப்படுத்தும். அனுமதிக்கு அந்தப் பலம் கிடையாது. பலவந்தமாக வெளியேற்றினால் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போடுங்கள். பணம் கொடுத்ததற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?

செடிக்கடை:
என் கணக்கு நோட்டில் மாசாமாசம் பெரியவர் கைப்பட 'தரைவாடகை பெற்றேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அண்ணே.

குமாஸ்தா:
அந்த நோட்டை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு நாளைக்கே வக்கீலைப் பாருங்கள். இந்த மாத வாடகையை மணி ஆர்டரில் அனுப்புங்கள், திருப்பினால் அந்த ரசீதும் வேண்டும்.