மூன்றாவது ஸ்டிமுலஸ் பணம் (அமெரிக்க அரசின் கொரோனா நிவாரணத் தொகை) பழைய வீட்டுக்குப் போய்விட்டது, என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களே, கொஞ்சம் வழி சொல்லுங்கள். நானும் மனைவியும் சேர்ந்துதான் வரித் தாக்கல் செய்கிறோம். வருமானம் 1.5 லட்சம் டாலருக்குக் கீழேதான். எனக்கும் மகளுக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் உண்டு; மனைவிக்கு ஐடிஐஎன் (அந்த எண் பெற முடியாதவர்களுக்கு வரித் தாக்கலுக்காகத் தரும் எண்) மட்டும். அந்த ஒரே காரணத்தால் 2020 மார்ச்சில் வந்த முதல் நிவாரணச் சட்டத்தில் மூவருக்குமே ஒன்றும் கிடைக்கவில்லை. குழந்தைக்கும் சேர்த்து மறுத்தது இன்னும் மனசு ஆறவில்லை. அந்த டிசம்பரில் இந்த விதியைத் திருத்தினார்கள். 2021 மார்ச் சட்டப்படி எனக்கும் மகளுக்கும் தலா 1,400 டாலர் வர வேண்டும்.

ஆனால் வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடம் இருந்தது நாங்கள் மூடிவிட்ட வங்கிக் கணக்கு. பணம் திரும்பிப் போய், காசோலையாகப் பழைய முகவரிக்குக் கிளம்பிவிட்டது. முகவரி மாற்ற 8822 படிவத்தை நேற்றுதான் அனுப்பினேன். தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன், காலியாகவே இருக்கிறது.

3911 படிவம் போட்டுக் காசோலையைத் தேடச் சொல்வதா, 2021 வரித் தாக்கலில் ரிக்கவரி ரிபேட் கிரெடிட்டாக (வராத ஸ்டிமுலஸ் பணத்தை வரிச் சலுகையாகப் பெறுவது) கேட்பதா? இதே சிக்கலில் மாட்டியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.