508 பிழை: 'அன்லிமிடெட்' ஹோஸ்டிங், சப்போர்ட்ல சரியான பதிலே இல்லை

பேரிஜம்:
கொடைக்கானல் ஹோம்ஸ்டே ஒண்ணுக்கான வேர்ட்பிரஸ் தளம். ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துக்கிறது), 'அன்லிமிடெட்' பிளான். வெள்ளி, சனி ராத்திரி 8 மணிக்கு மேல 508 பிழை (சர்வர்ல நமக்குள்ள வரம்பு முட்டிடுச்சுன்னு காட்டுறது) வருது. சாட்ல கேட்டா "விதியை மீறுறீங்க, பெரிய பிளானுக்கு மாறுங்க"ன்னு மட்டும்தான் பதில். எந்த விதி, எவ்வளவு மீறல்னு சொல்றதில்லை. டிஸ்க்ல 6 ஜிபிதான் இருக்கு. ஏப்ரல், மே சீசனுக்குள்ள சரி பண்ணணும். வேற இடம் மாறலாம்னா டொமைனும் அவங்ககிட்டதான்.

குன்னூர்_சர்வர்:
டிஸ்க் அளவுக்கும் 508க்கும் சம்பந்தமே இல்லைங்க. சிபேனல்ல (ஹோஸ்டிங் நிர்வாகப் பக்கம்) 'ரிசோர்ஸ் யூசேஜ்' திறந்து, பிழை வந்த நேரத்துல 'என்ட்ரி பிராசஸ்' கோடு உச்சியில முட்டுதான்னு பாருங்க. ஒரே நேரத்துல எத்தனை பிஎச்பி கோரிக்கை (பக்கத்தை உருவாக்குற நிரல் ஓட்டம்) ஓடலாம்ங்கிற வரம்பு அது. ஷேர்டு சர்வர்ல ஓடுற கிளவுட்லினக்ஸ்ங்கிற இயங்குதளத்துல இயல்பா 20. அதுக்காக 20 பேருக்கு மேல வரக்கூடாதுன்னு அர்த்தமில்லை. பக்கம் அரை விநாடியில முடிஞ்சா விநாடிக்கு 40 கோரிக்கை தாங்கும். 4 விநாடி இழுத்தா வெறும் 5. படங்கள் இந்தக் கணக்குல வராது.

ஹோம்ஸ்டே தளத்துல இழுக்கிறது பெரும்பாலும் புக்கிங் காலண்டர். அறைப் பக்கத்தை கேஷ் பண்ணினாலும் (தயார் நகலா சேமிச்சு வச்சாலும்), காலி இருக்கான்னு பார்க்கிற அட்மின்-ஏஜாக்ஸ் கோரிக்கை ஒவ்வொரு தடவையும் பிஎச்பிக்குத்தான் போகும். பக்கம் திறந்ததும் காலண்டர் ஏறாம, தேதிப் பெட்டியைத் தொட்டா மட்டும் ஏறுற மாதிரி பிளக்கின்ல மாத்துங்க.

அடுத்தது டபிள்யூபி-கிரான், அதாவது வேர்ட்பிரஸ் குறிச்ச நேரத்து வேலைகளை ஓட்டுற அமைப்பு. மத்த புக்கிங் தளங்களோட ஐகால் ஒத்திசைவு (புக்கிங் காலண்டர்களைப் பொருத்துறது) இதுலதான் ஓடும். அதைத் தூண்டுறது வர்ற பார்வையாளர்தான். கூட்டம் இருக்கிற நேரத்துல போய் வெளி சர்வர் பதிலுக்குக் காத்துக்கிட்டு அந்த 20ல ஒரு இடத்தைப் பிடிச்சு வச்சுக்கும். டபிள்யூபி-கான்ஃபிக் கோப்புல 'டிஸேபிள் டபிள்யூபி கிரான்' மாறிலியை ட்ரூ ஆக்கிட்டு, சிபேனல் கிரான்ல 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓட விடுங்க. மாறிலியை மட்டும் போட்டுட்டு கிரான் வைக்க மறந்தா ஒத்திசைவு நின்னு, ஒரே அறை ரெண்டு பேருக்குப் போயிடும்.

'ரா ஆக்சஸ்' லாகையும் (தளத்துக்கு வந்த கோரிக்கைகளோட பதிவு) இறக்கிப் பாருங்க. எக்ஸ்எம்எல்ஆர்பிசி கோப்புக்கு (வெளி நிரல்கள் வேர்ட்பிரஸோட பேசுற வழி) ஆயிரக்கணக்குல போஸ்ட் கோரிக்கை இருந்தா அது விருந்தாளி இல்லை, பாட் (தானியங்கி நிரல்). தடுத்துடுங்க.

கோத்தகிரி_மேடு:
சாட்டை விடுங்க, அங்க இருக்கிறவர் எழுதி வச்சதைத்தான் ஒட்டுவார். டிக்கெட் போடுங்க. பிழை வந்த தேதி, நேரம், 'ரிசோர்ஸ் யூசேஜ்' வரைபடத்தோட ஸ்கிரீன்ஷாட், கூடவே 3 கேள்வி: எந்த வரம்பு, அதோட எண் என்ன, எந்த ஸ்கிரிப்ட் முட்டுச்சு. "தளம் ஏன் மெதுவா இருக்கு"ன்னு கேட்டா பிளான் விக்கத்தான் பார்ப்பாங்க. பதில் வரலைன்னா ஹோஸ்டிங் கம்பெனியோட குறைதீர் அலுவலருக்கு மெயில் போடுங்க. 2020 மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்துல ஒப்புகை, ஒரு மாசத்துல தீர்வு தரணும். அதுக்கும் அசையலைன்னா நுகர்வோர் உதவி எண் 1915.

பேரிஜம்:
என்ட்ரி பிராசஸ் 20/20, ஃபால்ட் (வரம்புல முட்டின எண்ணிக்கை) நிறைய. கிரான் மாத்தியாச்சு. அப்படியும் சீசன்ல தாங்கலைன்னா மாறணும். மெயிலைக் கொஞ்ச நாள் பழைய இடத்துலயே விடலாமா?

குன்னூர்_சர்வர்:
விடலாம், ஒரு பொறி இருக்கு. சிபேனல்ல எம்எக்ஸ் பதிவு (மெயில் எங்க போகணும்னு சொல்றது) வழக்கமா டொமைன் பேரையே காட்டும். ஏ பதிவை (டொமைன் எந்த சர்வர் ஐபிக்குப் போகணும்னு சொல்றது) புது ஐபிக்கு மாத்தினதும் மெயிலும் பின்னாலேயே போயிடும். முதல்ல 'மெயில்' துணைப்பேரை சிநேமிலிருந்து (வேற பேரைப் பின்தொடர்ற பதிவு) எடுத்து, பழைய ஐபிக்கு ஏ பதிவா போட்டு, எம்எக்ஸை அதுக்குத் திருப்புங்க.

டொமைனை இப்போ பெயர்க்கவே வேண்டாம். ஏ பதிவோட டிடிஎல் (பழைய விவரத்தை மத்தவங்க எத்தனை விநாடி நினைவுல வச்சிருக்கலாம்ங்கிறது) 14,400 இருக்கும், முந்தின நாளே 300 ஆக்கிட்டு ஐபியை மட்டும் மாத்துங்க. நேம்சர்வரை (இந்தப் பதிவுகளை வச்சிருக்கிற சர்வர்) தொட்டா டாட் காம்ல 48 மணி நேரம் வரைக்கும் பழசும் புதுசும் கலந்து காட்டும். பழைய கணக்கை மூடுறதுக்கு முன்னாடி மட்டும் நேம்சர்வரை மாத்தினா போதும்.

6 ஜிபியை வீட்டுக்கு இறக்கி மறுபடி ஏத்தாதீங்க. மலையில மழை பெஞ்சா லைன் பாதியிலேயே அறுந்துடும். புது சர்வர்ல எஸ்எஸ்எச் (கட்டளை வழி அணுகல்) இருந்தா ஆர்சிங்க்ங்கிற நகலெடுக்கும் நிரல்ல நேரா இழுங்க. இல்லைன்னா அவங்களையே இடமாற்றம் பண்ணச் சொல்லுங்க. செவ்வாய், புதன்ல வச்சுக்கங்க.