95 பெற்றோலுக்கு டர்போ கார் ரியூன் பண்ணத் தெரிந்தவர் யாராவது?

வணக்கம் அண்ணாமார், தம்பிமார்.

2004 சுபாரு இம்பிரெசா எஸ்டிஐ, ஜப்பான் இறக்குமதி, இரண்டு லீற்றர் டர்போ. அண்மையில்தான் என் கைக்கு வந்தது. சின்ன வயதிலிருந்தே ஆசைப்பட்ட கார், அதனால் பயமும் கூட.

ஜப்பானில் இதற்கு அடிப்பது 100 ஒக்டேன் பெற்றோல் (ஒக்டேன் கூடக்கூட, பெற்றோல் தானாக வெடிக்காமல் தாங்கும்). இங்கே இலங்கையில் நாம் அடிப்பது 95. ஈசியூவில், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில், இன்னும் ஜப்பான் மெப்தான் (100க்கு ஏற்ற செற்றிங்) இருக்கிறது போலத் தெரிகிறது. பொக்ஸர் எஞ்சின் என்பதால் பக்கவாட்டில் கையை நுழைத்துத்தான் பிளக் கழற்ற வேண்டும். ஒரு பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினதுபோல் கறுப்புப் புள்ளிகள். டெட்டனேஷனுக்கு, அதாவது சிலிண்டருக்குள் பெற்றோல் கட்டுக்கடங்காமல் தானாக வெடிப்பதற்கு, அதுதான் அடையாளம். இப்படியே பூஸ்ட்டில் (டர்போ காற்றை அழுத்தி ஊட்டும்போது) மிதித்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் இடமே உடைந்துவிடலாம். கொழும்பு காலி வீதியின் பின்னேர நெரிசலில் வேறு, டர்போ காற்றைக் குளிரவைக்க எஞ்சினுக்கு மேலேயே இருக்கும் இன்டர்கூலர் சூடேறிப்போகிறது.

எனக்குக் கூடுதல் குதிரைவலு வேண்டாம். டைனோவில் (கார் நின்ற இடத்திலேயே ஓட்டி வலுவை அளக்கும் மெஷின்) ஏற்றி, 95க்கு ஏற்றபடி பிளக் தீப்பொறி விடும் டைமிங்கையும் பூஸ்டையும் அடக்கி, நொக் (அந்த டெட்டனேஷன்தான்) பார்த்துப் பார்த்து ரியூன் பண்ணுகிறவர் வேண்டும். அதற்கு முதல் கொம்பிரஷன் (சிலிண்டர் அழுத்தம்), லீக் டவுன் (சிலிண்டர் கசிவு) இரண்டும் பார்க்க வேண்டும். சும்மா லப்டொப்பைக் கொழுவி ஒரு ஃபைலை ஏற்றிவிடுகிற ஆட்கள் வேண்டாம், ப்ளீஸ்.

அப்புறம், சம்புக்குள் (எஞ்சினுக்கு அடியில் ஒயில் தங்கும் தட்டு) இருந்து ஒயிலை உறிஞ்சும் பிக்கப் பைப். இந்த எஞ்சின்களில் வெடிப்பு விழுவது தெரிந்த விஷயம். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் புதுசாக, ஒரிஜினலாக எடுத்தவர்கள் கடையைச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தையில் இருக்கிறேன். நீர்கொழும்பு வரைக்கும் என்றாலும் வருவேன்.